கறுப்பு வாஷர் எல்லாம் ஒன்றல்ல: நைட்ரைல், ஈ.பி.டி.எம்., சிலிக்கான், நியோப்ரீன் – எதை எங்கே போடுவது?

குக்கருக்குக் கறுப்பு காஸ்கெட் வாங்குவதா, வெள்ளையா? கீசரில் ஒழுகும் வாஷருக்குப் பதிலாக, பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதே அளவில் கிடைக்கும் ஓ-ரிங்கைப் போடலாமா? பெட்ரோல் டியூப் வெடித்துவிட்டது, மீன்தொட்டிக்கு வாங்கிய சிலிக்கான் குழாய் வீட்டில் சும்மா கிடக்கிறது, அதை வெட்டி மாட்டினால் ஆகாதா?

இந்தக் கேள்விகளோடு கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பழைய வாஷரைக் கையில் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்கி வருகிறார்கள். அளவு அச்சாகப் பொருந்தியும் ஒரே வாரத்தில் உப்பி, பள்ளத்தை விட்டு வெளியே வந்துவிடும் ரப்பர்கள் உண்டு. கடையில் ‘ரப்பர்’ என்ற ஒரே பெயரில் விற்பவை குறைந்தது ஏழு வெவ்வேறு பொருள்கள் என்பதுதான் காரணம். மரத்துப் பாலில் இருந்து வருவது அவற்றில் ஒன்றுதான். மற்றவை ஆலையில் செய்தவை. இயற்கை ரப்பர் தோற்றுப்போன ஏதோ ஓர் இடத்தில்தான் அவை ஒவ்வொன்றும் இடம்பிடித்தன. 1930இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் நியோப்ரீன் பிறந்தது. அதே பத்தாண்டில் ஜெர்மனியில் எண்ணெய்க்கு அசையாத நைட்ரைலும், 1937இல் காற்றை விடாமல் பிடித்துவைக்கும் பியூட்டைலும் வந்தன. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால், அது எதற்காகப் பிறந்ததோ அந்தக் குணம் அங்கே பயன்படாது. அதன் பலவீனம் மட்டும் வேலை செய்யும்.

## தேர்வுக்கு முன் கேட்க வேண்டியவை

எது தொடுகிறது? முக்கால்வாசி முடிவு இந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிடும். ரப்பர் கெடுவது பெரும்பாலும் தேய்ந்து அல்ல, தன்னைத் தொடும் திரவத்தைக் குடித்து. எண்ணெய், பெட்ரோல், மண்ணெண்ணெய், சமையல் வாயு எல்லாம் ஒரு குணத்தவை. அதே குணமுள்ள ரப்பருக்குள் அவை எளிதாகப் புகுந்து அதை உப்பவைக்கும். ஈ.பி.டி.எம்., பியூட்டைல், இயற்கை ரப்பர் மூன்றும் அந்த வகை. நைட்ரைலில் கலந்திருக்கும் அக்ரிலோநைட்ரைல் அந்தக் குணத்தை மாற்றிவிடுகிறது, எண்ணெய் உள்ளே நுழைவதில்லை. தண்ணீருக்கும் பிரேக் திரவத்துக்கும் கணக்கு அப்படியே தலைகீழ். ஆகவே ‘எல்லாவற்றுக்கும் நல்ல ரப்பர்’ என்று கடைக்காரர் எதையாவது நீட்டினால் நம்ப வேண்டாம்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்? பத்து நிமிடம் 120 டிகிரியைத் தாங்குவது வேறு, நாள் முழுக்கத் தாங்குவது வேறு. பாக்கெட்டில் அச்சிட்ட உச்ச வெப்பநிலை பெரும்பாலும் முதல் வகையைச் சொல்வது.

வெயில் படுமா, இழுத்து வளைத்து வைத்திருக்கிறதா? காற்றில் உள்ள ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத்தான் வெட்டும். மொட்டைமாடிக் குழாயில் வளைவின் மேல்பக்கத்தில் குறுக்கே வரிவரியாக வெடிப்பு விழுவது இதனால்தான். மூலக்கூறின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு உள்ள இயற்கை ரப்பர், எஸ்.பி.ஆர். (டயர்களில் போடும் செயற்கை ரப்பர்), நைட்ரைல் ஆகியவை இதற்கு இரையாகும். ஈ.பி.டி.எம்.மில் அந்தப் பிணைப்பு பக்கக்கிளையில் இருக்கிறது. கிளை அறுந்தாலும் முதுகெலும்பு நிற்கும்.

அசைகிறதா, அமுங்கி உட்கார்ந்திருக்கிறதா? சும்மா அமுங்கி உட்காரும் வாஷருக்கு முக்கியமானது, வருடக்கணக்கில் நசுங்கியும் திரும்ப எழும்பும் குணம். அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கும் உள்ளே ஏதாவது உரசுவதற்கும் கிழியாமை முக்கியம்.

உணவில் படுமா? அது போனால் என்ன ஆகும்? குழாய் வாஷர் போனால் நாலு சொட்டு நீர். பிரேக் சீல் போனால் உயிர். விலை பார்ப்பது இந்தக் கேள்விக்கு அப்புறம்தான்.

## ஒரே பார்வையில்

| ரப்பர் | தொடர்ந்து தாங்கும் சூடு | எண்ணெய், பெட்ரோல் | கொதிநீர், ஆவி | வெயில், ஓசோன் | கிழியாமை | விலை |
|---|---|---|---|---|---|---|
| இயற்கை ரப்பர் | சுமார் 70–80 டிகிரி | ஆகாது | ஆகாது | மோசம் | மிக நன்று | குறைவு |
| நைட்ரைல் | சுமார் 100 டிகிரி | நன்று | சுமார் | மோசம் | நன்று | குறைவு |
| நியோப்ரீன் | சுமார் 100 டிகிரி | நடுத்தரம் | சுமார் | நன்று | நன்று | நடுத்தரம் |
| ஈ.பி.டி.எம். | 120–150 டிகிரி | ஆகவே ஆகாது | மிக நன்று | மிக நன்று | நடுத்தரம் | குறைவு முதல் நடுத்தரம் |
| பியூட்டைல் | சுமார் 100–120 டிகிரி | ஆகாது | நன்று | நன்று | நடுத்தரம் | நடுத்தரம் |
| சிலிக்கான் | சுமார் 200 டிகிரி | பெட்ரோலுக்கு ஆகாது | மிதமான அழுத்தம் வரை நன்று | மிக நன்று | மோசம் | அதிகம் |
| விட்டான் வகை (ஃபுளூரின் ரப்பர்) | சுமார் 200 டிகிரி | மிக நன்று | தரத்தைப் பொறுத்தது | மிக நன்று | நடுத்தரம் | மிக அதிகம் |

## நைட்ரைல்

ஹார்டுவேர் கடைப் பெட்டியில் பெயர் எழுதாமல் கிடக்கும் கறுப்பு ஓ-ரிங் பெரும்பாலும் இதுதான். எஞ்சின் ஆயில், கிரீஸ், டீசல், சமையல் எண்ணெய், சமையல் வாயு என்று எண்ணெய்ப் பிசுக்கு உள்ள எந்த இடத்திலும் முதல் தேர்வு. குளிர்ந்த தண்ணீருக்கும் பிரச்சினையில்லை. அதனால்தான் ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு பிளம்பரும் மெக்கானிக்கும் சமாளிக்க முடிகிறது.

தரத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு. அக்ரிலோநைட்ரைல் அளவு கூடக்கூட எண்ணெய் தாங்கும் திறன் ஏறும், குளிரில் வளையும் திறன் இறங்கும். நம் ஊர்ச் சூட்டில் குளிரைப் பற்றிக் கவலையில்லை என்பதால், கேட்க முடிந்த இடத்தில் அந்த அளவு அதிகமுள்ள தரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, 100 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் இருந்தால் கெட்டிப்பட்டு, நசுங்கியபடியே நின்றுவிடும். இரண்டு, வெயில். வெளிச்சுவர்க் குழாயில் போட்ட நைட்ரைல் வாஷர் வெடிப்பு விட்டால், வாஷருக்கு ஐந்து ரூபாய், அதை மாற்ற வரும் பிளம்பருக்கு ஐந்நூறு.

## ஈ.பி.டி.எம்.

தண்ணீர், கொதிநீர், ஆவி, வெயில் நான்குக்கும் இதை மிஞ்ச வேறு மலிவான ரப்பர் இல்லை. வாஷிங் மெஷின் கதவைச் சுற்றி மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர், கார் கதவு பீடிங், ரேடியேட்டர் ஹோஸ் எல்லாம் இதில்தான் செய்கிறார்கள். கீசரின் ஹீட்டர் தட்டுக்கு அடியில் உட்காரும் காஸ்கெட்டுக்கும் இது பொருந்தும். தொடக்கக் கேள்விக்குப் பதில் இதுதான்: பைக் கடை ஓ-ரிங் நைட்ரைல். கீசரில் அது முதல் சில மாதம் நன்றாகவே நிற்கும், பிறகு சூட்டில் விறைத்து ஒழுகும். அந்த ஒழுக்கு மின்சாரம் உள்ள இடத்தில் விழும்.

இதன் ஒரே எதிரி எண்ணெய். அதைத்தான் நாம் அன்போடு தடவிவிடுகிறோம். கதவு பீடிங் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய், தண்ணீர் ஃபில்டரின் ஓ-ரிங் மாட்டச் சிரமமாக இருந்தால் வாஸ்லின். இரண்டும் ஈ.பி.டி.எம்.மை உப்பவைக்கும். ஃபில்டர் மூடியைத் திறக்க முடியாமல் இறுகிப்போவதும், அடுத்த முறை மூடும்போது ஓ-ரிங் பள்ளத்துக்குப் பெரிதாகத் தெரிவதும் இதனால்தான். அங்கே போட வேண்டியது சிலிக்கான் கிரீஸ், பட்டாணி அளவு போதும். அவசரத்துக்குச் சோப்புத் தண்ணீர் தொட்டு மாட்டலாம்.

குழாயில் வரும் நீரில் மிளகுத்தூள் மாதிரி கறுப்புத் துகள் தெரிந்து, விரலில் தேய்த்தால் மை போலக் கறை பிடித்தால், உள்ளே ஏதோ ஒரு ரப்பர் குளோரினால் அரிக்கப்பட்டுக் கரைகிறது என்று பொருள். முதலில் வாஷ்பேசினுக்கு அடியில் இருக்கும் வளையும் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

## சிலிக்கான்

சூட்டுக்கும் குளிருக்கும் இதுபோல் வேறில்லை. உணவுத் தரத்தில் எளிதாகக் கிடைக்கிறது, ரப்பர் நாற்றம் கிடையாது. முதுகெலும்பு கார்பன் சங்கிலி அல்ல, சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறிமாறி வருவது. அதனால் ஓசோனும் வெயிலும் அதை ஒன்றும் செய்வதில்லை. சோலார் வாட்டர் ஹீட்டரில் கண்ணாடிக் குழாய் தொட்டிக்குள் நுழையும் இடத்தில் இதுதான் வேண்டும். தண்ணீர் இல்லாமல் குழாய் காய்ந்த வெயிலில் நின்றால் அங்கே ஏறும் சூட்டை ஈ.பி.டி.எம். தாங்காது.

ஆனால் கிழியாமையில் இதுதான் கடைசி. நகம் பட்ட சிறு கீறல் போதும், அங்கிருந்து ஒரே இழுப்பில் பிளக்கும். கத்தியால் நெம்பிக் கழற்றக்கூடாது. உரசும் இடத்தில், தண்டு சுழலும் இடத்தில் போடக்கூடாது. வாயுக்கள் இதன் ஊடே எளிதாகக் கசியும், அதாவது வாசனையும் ஏறும். சாம்பார் வைத்த குக்கரின் சிலிக்கான் காஸ்கெட்டில் பெருங்காய வாசனை தங்கி, மறுநாள் பாயசத்துக்கு வந்து சேருவது அதனால்தான்.

பெட்ரோலில் மோசமாக உப்பும். மீன்தொட்டிக் குழாயைப் பெட்ரோலுக்கு மாட்டினால் சில மணி நேரத்தில் தடித்து, வழுவழுத்து, மூக்கிலிருந்து நழுவும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் கொட்டும். சிலிக்கான் பேஸ்டைக் கார்பரேட்டர் கிண்ணத்துக்குத் தடவும் பழக்கத்தையும் இதோடு சேர்த்து விட்டுவிட வேண்டும். உள்ளே பிதுங்கிய பேஸ்ட் உப்பி, துணுக்காகப் பிய்ந்து, ஜெட் துளையை அடைக்கும். மெக்கானிக் நாள் முழுக்க வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

இன்னொன்று: சிலிக்கான் ரப்பருக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவக்கூடாது. ஒரே இனம், உறிஞ்சிக்கொண்டு உப்பும்.

## நியோப்ரீன்

எதிலும் முதலிடம் இல்லை, எதிலும் கடைசியும் இல்லை. கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் வெயில், இடைவிடாத வளைவு மூன்றும் சேர்ந்து வரும் இடம்தான் இதன் வீடு. பல வி-பெல்ட்டுகளின் உடல் இது. கிரைண்டர் பெல்ட் மாவுத் தண்ணீரையும் பேரிங் கிரீஸையும் ஒருசேரச் சந்திக்கிறது, அங்கே நியோப்ரீன் பெல்ட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். குளோரின் கலந்த பொருள் என்பதால் தீயைப் பரப்பாது, சுடரை விலக்கினால் தானாக அணையும்.

## சுருக்கமாக மற்ற மூன்று

சைக்கிள், பைக் டியூபுக்குப் பியூட்டைல். இயற்கை ரப்பர் டியூபைவிட எட்டுப் பத்து மடங்கு மெதுவாகத்தான் காற்றை இழக்கும். வாரம் ஒருமுறை காற்று அடித்த இடத்தில் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். இயற்கை ரப்பர் டியூப் இன்னும் மிருதுவாக ஓடும், பஞ்சரும் எளிதில் ஒட்டும். அடிக்கடி பம்ப் அடிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும் அது.

கையுறையில், பாத்திரம் கழுவவும் தோட்ட வேலைக்கும் இயற்கை ரப்பர் நன்றாக இழுபடும், விலையும் குறைவு. எண்ணெய், கிரீஸ், பெயின்ட் தின்னர் என்றால் நைட்ரைல், அதுவும் கடும் தின்னருக்குச் சில நிமிடமே. கை அரித்துச் சிவந்தால் மரத்துப்பாலின் புரதம் ஒவ்வாமல் இருக்கலாம், நைட்ரைலுக்கு மாறிவிட வேண்டும்.

விட்டான் என்று பொதுவாகச் சொல்லப்படும் ஃபுளூரின் ரப்பர் 1957இல் டூபான்ட் கொண்டுவந்தது. சூடும் பெட்ரோலும் சேர்ந்த இடத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை, விலையிலும் ஆளில்லை. குளிரில் மட்டும் விறைக்கும். 1986 ஜனவரி 28 அன்று சாலஞ்சர் விண்கலம் சிதறியபோது, குளிர்ந்த காலையில் சட்டென்று எழும்பாமல் போனது இந்த இனத்து ஓ-ரிங்தான்.

## கை தயங்கும் இடங்கள்

### குக்கர்: கறுப்பா, வெள்ளையா?

வீட்டுக் குக்கர் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ கூடுதல் அழுத்தத்தில் வேகவைக்கிறது. உள்ளே சுமார் 120 டிகிரி. கறுப்பு காஸ்கெட் பெரும்பாலும் நைட்ரைல், வெள்ளை பெரும்பாலும் சிலிக்கான். நைட்ரைல் தன் எல்லையில் நின்று வேலை செய்கிறது, சிலிக்கானுக்கு அது சாதாரணம். அப்படியிருந்தும் பல குக்கர்கள் கறுப்பு காஸ்கெட்டோடு வருவதற்குக் காரணம் விலை மட்டும் அல்ல. உறுதியாக நிற்கும், அவசரத்தில் இழுத்துக் கழற்றினாலும் கிழியாது, தாளிப்பு எண்ணெய் பட்டாலும் உப்பாது.

ஆயுள் வேறுபாடு உண்மைதான். நல்ல சிலிக்கான், கிழியாமல் கையாண்டால், நெடுநாள் மிருதுவாக இருக்கும். ஒரு நாளைக்கு நாலைந்து முறை குக்கர் ஏறும் வீட்டில் கூடுதல் விலை திரும்ப வந்துவிடும். ஒருமுறை மட்டும் சாதம் வைக்கும் வீட்டில் நைட்ரைலே போதும். இனிப்புக்கும் குழம்புக்கும் ஒரே குக்கர் என்றால், சிலிக்கான் வாங்குபவர்கள் இரண்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த ஒப்பீட்டுக்கெல்லாம் மேலே ஒரு நிபந்தனை. அந்தக் குக்கர் நிறுவனம் அந்த மாடலுக்கென்று தரும் காஸ்கெட்டுகளுக்குள் மட்டும் தேர்ந்தெடுங்கள். வெளிமூடிக் குக்கர்கள் பலவற்றில் மூடி விளிம்பில் ஒரு நீள்சந்து இருக்கும். வெயிட்டும் வால்வும் அடைத்து அழுத்தம் எல்லை மீறினால், காஸ்கெட் அந்தச் சந்து வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியேற்ற வேண்டும். அது எந்த அழுத்தத்தில் பிதுங்கும் என்பது காஸ்கெட்டின் கடினத்தையும் தடிமனையும் பொறுத்தது. ‘எல்லாக் குக்கருக்கும்’ என்று தொங்கும் காஸ்கெட் முன்னதாகவே பிதுங்கலாம், பிதுங்காமலே போகலாம். இரண்டாவதுதான் பயங்கரம். குக்கர் காஸ்கெட்டுக்கென்றே ஐ.எஸ். 7466 என்ற இந்தியத் தரம் இருக்கிறது, பாக்கெட்டில் அதைத் தேடுங்கள்.

விளிம்பில் ஆவி கசிந்தால் காஸ்கெட்டை ஃப்ரீசரில் வைப்பதும், கோதுமை மாவு தடவுவதும் நம் வீடுகளில் பழக்கம். அந்த ஒரு வேளைக்கு உதவும். ரப்பர் எழும்பும் சக்தியை இழந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அன்றே புதிதுக்குச் சொல்லிவிட வேண்டும். கழுவியபின் மூடியிலேயே மாட்டி வைக்காமல் தனியே ஆறவைத்தால் இரண்டு வகையும் கூடுதல் நாள் உழைக்கும்.

### சமையல் வாயுக் குழாய்

இங்கே தேர்வே இல்லை. வாயு எண்ணெய் இனம், ஆகவே உள்பக்கம் நைட்ரைல்தான் வேண்டும். சாதாரணத் தோட்டக் குழாயோ பச்சை ரப்பர் டியூபோ மாட்டினால், வாயு அதை உள்ளிருந்தே ஊறவைத்துத் தளர்த்தும். ஐ.எஸ். 9573 முத்திரை உள்ள, உள்ளே கம்பி வலை வைத்த குழாயை வாங்கி, ஐந்து வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள். தேதி குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும். மூக்கில் ஏறவில்லை என்று எண்ணெய் தடவாதீர்கள், நெருப்பில் வாட்டாதீர்கள். வெந்நீரில் அரை நிமிடம் நனைத்தால் இளகும். மாட்டியபின் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

சிலிண்டர் வாயில் உள்ள சின்ன ஓ-ரிங் நசுங்கியோ காணாமலோ இருந்தால், டெலிவரி செய்பவரிடமே மாற்றச் சொல்லுங்கள். வீட்டு டப்பாவில் இருக்கும் வாஷர் எதுவும் அதற்குப் பதில் ஆகாது. கசிவு நிற்கவில்லை என்றால் அழைக்க வேண்டிய எண் 1906.

### பெட்ரோல் டியூப்: பழைய வண்டிக்கு எது?

கடையில் மூன்று கிடைக்கும். நிறமில்லாத பிளாஸ்டிக் டியூப், கறுப்பு நைட்ரைல் டியூப், உள்ளே விட்டான் பூச்சுள்ள டியூப். முதலாவது ரப்பரே அல்ல. அதை மிருதுவாக வைத்திருக்கும் கலவையைப் பெட்ரோல் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். மஞ்சளாகி, மூங்கில் போல விறைத்து, வளைவில் உடையும். பெட்ரோல் ஓடுவது தெரிகிறது என்ற ஒரே வசதிக்காக அதை வாங்க வேண்டாம்.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்தபின் நைட்ரைலுக்கும் சோதனை கூடிவிட்டது. தனிப் பெட்ரோலிலும் தனி எத்தனாலிலும் உப்புவதைவிட, இரண்டும் கலந்ததில்தான் நைட்ரைல் அதிகம் உப்பும். வண்டி மாதக்கணக்கில் நின்று பெட்ரோல் காய்ந்தால், உப்பிய ரப்பர் முன்பைவிடச் சுருங்கி விறைக்கும். ஊரிலிருந்து திரும்பி வந்து ஸ்டார்ட் செய்த அன்று ஒழுகுவது இதனால்தான். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால், டியூப், பெட்ரோல் டேப் ஓ-ரிங், கார்பரேட்டர் கிண்ண ரப்பர் மூன்றையும் ஒருசேரப் பாருங்கள். தினமும் ஓடும் வண்டிக்கு, எரிபொருளுக்கென்று அச்சிட்ட தடித்த நைட்ரைல் டியூப் போதும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் நிம்மதி. நின்று நின்று ஓடும் வண்டிக்கும், எஞ்சின் சூடு நேராகப் படும் இடத்துக்கும் விட்டான் பூச்சு டியூப் வாங்குவதே மலிவு. அரை மீட்டர்தானே தேவை.

### பிரேக்: பெயரே ஏமாற்றும் இடம்

நாம் ‘பிரேக் ஆயில்’ என்கிறோம். டாட் 3, டாட் 4 என்று வரும் அந்தத் திரவம் எண்ணெய் அல்ல, கிளைக்கால் வகை. அதற்குள் மூழ்கியிருக்கும் சீல்கள் ஈ.பி.டி.எம். அல்லது எஸ்.பி.ஆர். ‘ஆயில்தானே’ என்று கொஞ்சம் எஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் சீல் உப்பி, சிலிண்டரில் இறுகி, பிரேக் பிடித்தபடியே நிற்கும், இல்லையென்றால் பிடிக்காமலே போகும். சில கரண்டி போதும், பிரேக்கில் உள்ள ஒவ்வொரு ரப்பரையும் மாற்றி, குழாய் முழுவதையும் கழுவ வேண்டிவரும். கழற்றிய சீலைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவுவதும் அதே தவறு. புதிய பிரேக் திரவத்தாலேயே துடைக்க வேண்டும். இங்கே நைட்ரைலோ விட்டானோ ‘உயர்ந்த ரப்பர்’ என்று மாற்றிப் போட்டால் அவை கிளைக்காலில் கெடும்.

## கடைக்காரருக்கே தெரியாவிட்டால்

நிறத்தை நம்ப முடியாது. கறுப்பு என்பது புகைக்கரியின் நிறம். வலுவுக்கும் வெயில் தாங்கவும் எந்த ரப்பரிலும் அதைக் கலப்பார்கள். பழுப்பு விட்டான், ஊதா ஈ.பி.டி.எம். என்று சில நிறுவனங்கள் பின்பற்றுவது அவரவர் வழக்கம், சட்டம் அல்ல.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று. ஒரே மாதிரி இரண்டு வாங்கி, ஒன்றில் ஒரு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, மூடியுள்ள சின்னக் கண்ணாடிக் குப்பியில் மண்ணெண்ணெயிலோ டீசலிலோ 24 மணி நேரம் ஊறவையுங்கள். வெட்டாத வளையத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய அதே தடிமன் என்றால் நைட்ரைல் அல்லது விட்டான். கொஞ்சம் தடித்தால் நியோப்ரீனாக இருக்கலாம். கண்ணுக்கே தெரியும்படி பெருத்துப் பொதபொதவென்று ஆனால் இயற்கை ரப்பர், எஸ்.பி.ஆர்., ஈ.பி.டி.எம்., பியூட்டைல், சிலிக்கான் இவற்றில் ஒன்று. பெட்ரோல், வாயு, எண்ணெய் உள்ள எந்த இடத்துக்கும் அது வேண்டாம்.

‘சிலிக்கான்’ என்று விற்றது உண்மையா என்று பார்க்க, அரிசி அளவு துணுக்கை இடுக்கியில் பிடித்து வெளியே, காற்றோட்டத்தில் எரியுங்கள். வெள்ளைப் புகையும் வெள்ளைச் சாம்பலும் சிலிக்கானின் அடையாளம், கரும்புகையும் கரியும் மற்றவற்றுக்கு. விட்டானாக இருக்கலாம் என்று தோன்றும் எதையும் எரிக்கவே கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு நுரையீரலையும் தோலையும் அரிக்கும் விஷம்.

ஓ-ரிங் வாங்கும்போது உள்விட்டமும் தடிமனும் இரண்டும் சொல்ல வேண்டும். சும்மா அமுங்கி நிற்கும் இடத்தில் தடிமனில் 15 முதல் 30 சதவீதம் நசுங்க வேண்டும், அசையும் இடத்தில் 10 முதல் 20. தடிமன் 2.62 மில்லிமீட்டர் என்றால் பள்ளத்தின் ஆழம் சுமார் 2.1. உள்விட்டத்தை ஐந்து சதவீதத்துக்கு மேல் இழுத்து மாட்டினால் ரப்பர் மெலிந்து ஒழுகும். ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கினால் அது நசுங்கியே போகும். கடினம் ஷோர் ஏ 70 என்பது பொதுவான தேவைக்குச் சரி.

மொத்தமாக வாங்கி வைப்பவர்கள் ஆயுளையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரப்பரைச் சேமித்து வைப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 2230 தரம், பயன்படுத்தாமல் பாக்கெட்டில் இருக்கும் காலமாக இயற்கை ரப்பருக்கும் எஸ்.பி.ஆருக்கும் 5 வருடம், நைட்ரைல், நியோப்ரீன், பியூட்டைலுக்கு 7, ஈ.பி.டி.எம்., சிலிக்கான், விட்டானுக்கு 10 என்று வைக்கிறது. அதுவும் இருட்டில், சூடில்லாமல், இழுபடாமல் வைத்தால்தான். ஆணியில் மாலை மாதிரி தொங்கும் ஓ-ரிங்குகள் தொங்கும் இடத்தில் முதலில் வெடிக்கும். மோட்டார் ஓடும்போது ஓசோன் உண்டாகும் என்பதால், மோட்டார் பக்கத்து அலமாரியும் வேண்டாம். மூடும் கவரில், தட்டையாக, வாங்கிய மாதமும் ரப்பரின் பெயரும் எழுதி வைத்தால், அடுத்த முறை அளவோடு பொருளையும் பார்த்து எடுக்கலாம்.